அடுத்த புத்தகத்தை யார் தேர்ந்தெடுக்கணும்?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "ப்ரோ, காலேஜ்ல நிறைய படிப்பேன். வேலைக்கு வந்தப்புறம் 'கட்டாயம் படிக்க வேண்டிய 100 புத்தகங்கள்'னு லிஸ்ட் பார்த்து வாங்கி அடுக்கினேன். எதுவும் முப்பது பக்கம் தாண்டல. எழுதணும்னும் ஆசை. எதைப் பத்தி எழுதுறதுன்னே தெரியல."

இது ரெண்டு பிரச்னை மாதிரி தெரியும். எனக்கு ஒண்ணுதான்னு தோணுது. படிக்கிறதுக்குப் பின்னாடி உங்களோட கேள்வி ஒண்ணும் இல்ல. கேள்வி இல்லாம படிச்சா பரீட்சைக்குப் படிக்கிற மாதிரிதான் இருக்கும். அப்படிப் படிச்சதுல இருந்து எழுதுறதுக்கும் எதுவும் மிஞ்சாது.

ஒரு ஐஏஎஸ் அதிகாரியின் சைடு ப்ராஜெக்ட்

இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் ஐராவதம் மகாதேவன். 1954-ல் ஐஏஎஸ்ல சேர்ந்தவர். அவரோட வேலை நிர்வாகம். கல்வெட்டு படிக்கணும்னு எந்த மேலதிகாரியும் சொல்லல. ஆனா தமிழை முதன்முதலா எழுத்துல எழுதினப்போ எப்படி எழுதினாங்கங்கிற கேள்வி அவரைப் பிடிச்சுக்கிச்சு.

அந்தக் கேள்விதான் அவரோட வாசிப்பு லிஸ்ட்டைப் போட்டுச்சு. மாங்குளம், புகளூர் மாதிரி இடங்கள்ல இருக்கிற குகைக் கல்வெட்டுகளைப் படிக்க பிராமி எழுத்து தெரியணும். அந்தக் குகைகள்ல சமணத் துறவிகள் தங்கியிருந்தாங்க, அதனால சமணம் தெரியணும், பிராகிருதம் தெரியணும். கூடவே சங்க இலக்கியமும். 1965-ல் புகளூர்க் கல்வெட்டுல வர்ற சேர அரசர்களின் பெயர்களை பதிற்றுப்பத்துல வர்ற அரசர்களோட அவர் பொருத்திக் காட்டினார். குகையும் கவிதையும் ஒரே ஆள் மண்டையில இருந்ததாலதான் அது நடந்துச்சு.

அப்புறம் சிந்துவெளி எழுத்து. இங்கதான் நம்ம மாதிரி கோடிங் ஆட்களுக்குக் காது விடைக்கும். 1977-ல் வந்த அவரோட சிந்துவெளித் தொகுப்பு, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தோட கம்ப்யூட்டர் உதவியோட தயாரானது. 417 குறிகள். ஒவ்வொரு குறியும் எங்கெல்லாம் வருது, அதுக்கு முன்னாடி பின்னாடி என்ன வருதுன்னு தேடிப் பார்க்கலாம். நம்ம பாஷையில சொன்னா ஒரு சர்ச் இண்டெக்ஸ். அந்த எழுத்து என்ன சொல்லுதுங்கிறதுல இன்னைக்கும் ஒருமித்த முடிவு கிடையாது. ஆனா அவர் கருத்தை ஏத்துக்காதவங்களும் இந்தத் தொகுப்பைப் பயன்படுத்தலாம்.

ஏரி இல்லாத ஏரித் தெரு

"அவர் பெரிய ஆளு, நமக்கு எப்படி?"ன்னு கேட்பீங்க. சின்ன அளவுல சொல்றேன். மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு ஒரு தெரு இருக்கு. அங்க எந்த ஏரியும் தெரியாது. அப்போ பேர் எங்கிருந்து வந்துச்சு?

தேட ஆரம்பிச்சேன். அந்தப் பக்கம் 'லாங் டேங்க்'னு நீளமா ஒரு ஏரி இருந்திருக்கு. 1920-களில் அதை மூடித்தான் தி.நகர் உருவாக ஆரம்பிச்சிருக்கு. அது பழைய வரைபடங்களுக்கு இழுத்துட்டுப் போச்சு. அங்கிருந்து எஸ். முத்தையாவோட சென்னை பத்தின புத்தகங்கள். அப்புறம் ஏரிப் பாசனம். மதகுன்னா தேவைக்குத் தண்ணி திறந்துவிடுற வழி. கலங்கல்னா நிரம்பினதும் உபரித் தண்ணி தானா வெளியேறுற வழி. ஓவர்ஃப்ளோவை எப்படிக் கையாளணும்னு அன்னைக்கே யோசிச்சிருக்காங்க! 2015 வெள்ளத்தைப் பத்தி அதுக்கப்புறம் படிச்சப்போ ஒவ்வொரு வார்த்தையும் வேற மாதிரி புரிஞ்சுது.

இதுல எந்தப் புத்தகத்தையும் எந்த லிஸ்ட்டும் எனக்குச் சொல்லல. ஒவ்வொண்ணும் அடுத்ததைக் காட்டிச்சு. ரூம்மேட்டுக்கு விளக்கணும்னு எழுதின ரெண்டு பக்கம்தான் நான் முழுசா எழுதி முடிச்ச முதல் கட்டுரை.

சரி, எப்படி ஆரம்பிக்கிறது?

ஒண்ணு, விருப்பத்தைக் கேள்வியா மாத்துங்க. "கிரிக்கெட் பிடிக்கும்"ங்கிறதை வச்சு எதையும் தேட முடியாது. "சேப்பாக்கம் பிட்ச் ஏன் ஸ்பின்னுக்கு உதவுது?"ன்னு கேட்டா, நேரா மண்ணைப் பத்திப் படிக்கப் போயிடுவீங்க.

ரெண்டு, அடுத்த புத்தகத்தை இப்போ படிக்கிற புத்தகத்தோட கடைசிப் பக்கங்கள்ல தேடுங்க. அந்த ஆசிரியர் யாரைப் படிச்சாரோ அவரைப் படிங்க. தேவையான அத்தியாயம் மட்டும் படிச்சாலும் தப்பில்ல.

மூணு, தேடித் தேடி ஒரே இடத்துல கிடைக்காத விஷயம் எதுவோ அதை எழுதுங்க. உங்களை மாதிரியே தேடுற இன்னொருத்தர் கண்டிப்பா இருப்பார்.

ஒரு எச்சரிக்கையும் இருக்கு. பிடிச்ச விஷயத்துல நாம எதையும் சீக்கிரம் நம்பிடுவோம். எங்க பார்த்தாலும் நமக்கு வேண்டிய பதில்தான் தெரியும். மகாதேவன் 1966-லேயே தமிழ்-பிராமி கல்வெட்டுகளோட தொகுப்பை வெளியிட்டுட்டார். ஆனாலும் 1990-களில் மறுபடியும் குகைகளுக்கு நேர்ல போய்ப் பார்த்தார். அதுக்கப்புறம்தான் 2003-ல் பெரிய புத்தகம் வந்துச்சு. ஆர்வம் அதிகமா இருக்கிற இடத்துலதான் சரிபார்க்கிறதும் அதிகமா இருக்கணும்.

வாய்ஸ் நோட் அனுப்பின நண்பருக்கு: அந்த அடுக்கை அப்படியே விடுங்க. போன வாரம் ராத்திரி தூங்காம எதைக் கூகுள் பண்ணீங்கன்னு ப்ரவுசர் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்க. உங்க முதல் புத்தகம் அங்கதான் இருக்கு. என்ன கேள்வி கிடைச்சுதுன்னு எனக்கும் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.