பூனை முடியும் புதையல் ரகசியமும்: ஒரு பழைய கேமும் நிஜ வரலாறும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் கேம் என்றால் கார் ரேஸும் துப்பாக்கிச் சண்டையும்தான் நினைவுக்கு வரும். அட்வெஞ்சர் கேம் என்று இன்னொரு வகை இருக்கிறது. இதில் வேகம் தேவையில்லை. மவுஸை வைத்து ஒவ்வொரு பொருளாகக் கிளிக் செய்து, ஆட்களிடம் பேசி, துப்புகளைச் சேர்த்து, புதிர்களை விடுவிக்க வேண்டும். துப்பறியும் நாவலுக்குள் நாமே நுழைந்துவிட்டது போல இருக்கும்.

அந்த வகையில் ஒன்று ‘காபிரியேல் நைட் 3’. சியரா நிறுவனம் 1999-ல் மூன்று சிடிக்களில் வெளியிட்டது. எழுதி வடிவமைத்தவர் ஜேன் ஜென்சன். குறைகள் நிறைந்த கேம்தான். ஆனாலும் இன்று மீண்டும் ஆடிப் பார்க்கத் தகுந்தது. ஏன் என்று பார்ப்போம்.

கதை என்ன?

தெற்கு பிரான்ஸில் ரென்-லெ-ஷாதோ என்ற சிறிய மலைக் கிராமம். இது கற்பனை ஊர் அல்ல, இன்றும் இருக்கிறது. கடத்தப்பட்ட ஒரு குழந்தையைத் தேடி ஹீரோ காபிரியேல் அங்கே வருகிறான். புதையல் தேடும் கும்பல் ஒன்றும் அதே ஓட்டலில் தங்கியிருக்கிறது. சில நேரம் நீங்கள் காபிரியேலாகவும், சில நேரம் அவனுடைய உதவியாளர் கிரேஸாகவும் ஆட வேண்டும். கதை மூன்று நாட்களில் நடக்கிறது.

குறைகள் என்ன?

முதலில் கேமரா. கேமராவும் ஹீரோவும் தனித்தனியாக நகர்வார்கள். கேமராவை ஒரு தெருவுக்கு ஓட்டிச் சென்று கதவைக் கிளிக் செய்தால், ஹீரோ பின்னால் வந்து சேர்வான். பழகும்வரை தலை சுற்றும். முகங்கள் மரத்தில் செதுக்கியது போல இருக்கும். அந்தக் காலத்து 3டி கிராபிக்ஸ் அவ்வளவுதான்.

இரண்டாவது, பெயர்பெற்ற பூனைப் புதிர். காபிரியேலுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாடகைக்கு வேண்டும். அதற்காக நண்பன் மோஸ்லியைப் போல வேஷம் போட வேண்டும். ஒரு கதவு ஓட்டையில் டேப் ஒட்டி, பூனையை அதன் வழியாக விரட்டி, டேப்பில் ஒட்டிய முடியை எடுத்து, சர்க்கரைப் பாகு தடவி மீசையாக ஒட்டிக்கொள்ள வேண்டும். வேடிக்கை என்னவென்றால் மோஸ்லிக்கு மீசையே கிடையாது! அதனால் அவருடைய பாஸ்போர்ட் போட்டோவிலும் பேனாவால் மீசை வரைய வேண்டும். யாரும் தானாகக் கண்டுபிடிக்க முடியாத புதிர் இது. அட்வெஞ்சர் கேம்கள் ஏன் செல்வாக்கு இழந்தன என்று பேசுபவர்கள் முதலில் காட்டும் உதாரணமும் இதுதான்.

பிறகு ஏன் ஆட வேண்டும்?

அதே கேமில் ‘சிவப்புப் பாம்பு’ என்ற மற்றொரு புதிர் வருகிறது. கிரேஸ் ஒரு பழைய கவிதையை வரிவரியாகப் படித்து, கம்ப்யூட்டரில் ஊர் மேப்பை ஏற்றி, அதன் மேல் புள்ளி வைத்து, வட்டமும் சதுரமும் ஆறுமுனை நட்சத்திரமும் வரைகிறாள். கவிதையின் பத்திகள் மேப்புக்கான துப்புகளைத் தருகின்றன. பேப்பரும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுங்கள். விடை வரும்போது கிடைக்கும் மகிழ்ச்சி தனி.

எது நிஜம், எது கட்டுக்கதை?

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். கேம் இரண்டையும் கலந்து கொடுக்கிறது.

கேதர்கள் நிஜம். இந்த உலகப் பொருள்கள் எல்லாம் தீமையின் படைப்பு என்று நம்பிய கிறிஸ்தவப் பிரிவினர் இவர்கள். போப் மூன்றாம் இன்னசென்ட் இவர்களுக்கு எதிராகச் சிலுவைப் போர் அறிவித்தார். 1209-ல் பெஸியே நகரில் பெரும் படுகொலை நடந்தது. 1244-ல் மோன்செகூர் கோட்டை வீழ்ந்தபோது, நம்பிக்கையைக் கைவிட மறுத்த 200-க்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள்.

டெம்ப்ளர் வீரர்களும் நிஜம். அவர்களிடம் கடன்பட்டிருந்த பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப், 1307 அக்டோபர் 13 அன்று அவர்களைக் கைது செய்ய வைத்தார். 1312-ல் அமைப்பு கலைக்கப்பட்டது. 1314-ல் தலைவர் ஜாக் து மொலே பாரிஸில் எரிக்கப்பட்டார்.

ரென்-லெ-ஷாதோவின் பாதிரியார் சோனியேயும் நிஜம். 1885-ல் அந்த ஊருக்கு வந்தவர், பின்னாளில் பங்களாவும் கோபுரமும் கட்டினார். பணம் எங்கிருந்து வந்தது? தன்னால் நடத்தவே முடியாத எண்ணிக்கையில் பூசைகளுக்குக் காணிக்கை வாங்கினார் என்று திருச்சபை விசாரணை நடந்தது.

புதையல் கதை 1950-களில்தான் பரவியது. அந்தப் பங்களாவை ஓட்டலாக்கியவர் பத்திரிகைக்குச் சொன்ன கதை அது. பியர் பிளான்டார் என்பவர் 1956-ல் ‘சியோன் மடம்’ என்ற சங்கத்தைப் பதிவு செய்தார். 1960-களில் போலி ஆவணங்கள் பாரிஸ் தேசிய நூலகத்தில் சேர்க்கப்பட்டன. கேமில் வரும் சிவப்புப் பாம்புக் கவிதையும் அந்தப் போலிக் கட்டைச் சேர்ந்ததே. 2003-ல் வந்த ‘டா வின்சி கோட்’ நாவலுக்கும் இதே சரக்குதான் மூலம்.

இதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். புதையல் ஆசையில் ஊரைத் தோண்டியவர்கள் அதிகமாகி, 1965-ல் தோண்டுவதற்கே தடை போட்டார்கள். அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. போலி ரகசியத்தில் மயங்கியவர்களுக்கு, நெருப்பில் இறந்த நிஜ மனிதர்கள் வெறும் துப்புகளாகிவிடுகிறார்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் ஆடுவது எப்படி?

பழைய சிடியைத் தேட வேண்டாம். அந்தக் காலத்துப் பல கேம்களின் இன்ஸ்டால் புரோகிராம் 16-பிட் வகை. இன்றைய 64-பிட் விண்டோஸில் அது ஓடாது. ஜிஓஜி.காம் தளத்தில் இந்த கேமை விலைக்கு வாங்கி டவுன்லோட் செய்யலாம். கண்ட தளங்களில் இலவசம் என்று கிடைப்பதைத் தொடாதீர்கள். வைரஸ் வரும்.

இன்ஸ்டால் செய்த பிறகும் கேம் திறக்கவில்லையா? கேமின் ஐகான் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் செல்லவும். கம்பேட்டிபிலிட்டி டேபில், கம்பேட்டிபிலிட்டி மோடு கட்டத்தில் டிக் செய்து விண்டோஸ் எக்ஸ்பி-யைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுக்கவும்.

ஆடும்போது அடிக்கடி சேவ் செய்யுங்கள். ஒரே பெயரில் சேவ் செய்யாமல் வேறு வேறு பெயர் கொடுங்கள். கடைசிப் பகுதியில் ஹீரோ சாகக்கூடிய பொறிகள் உண்டு. பூனைப் புதிருக்கு மட்டும் வெட்கப்படாமல் விடைக் குறிப்பைப் பார்த்துவிடுங்கள். சிவப்புப் பாம்பை மட்டும் நீங்களே விடுவியுங்கள். ஏதாவது ஒரு பெயரோ ஆண்டோ வரும்போது கேமை நிறுத்திவிட்டு, அது நிஜமா என்று ஒரு நல்ல என்சைக்ளோபீடியாவில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தேடலும் விளையாட்டில் பாதிதான்.