அப்துல் கரீம் கான்: பாடகரும் ஆசானும்

1937 அக்டோபர் 27. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் பயணம் செய்த உஸ்தாத் அப்துல் கரீம் கான், நெஞ்சுவலியால் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் இறங்கினார். அங்கேயே தொழுது, தர்பாரி ராகத்தில் கலிமாவை இசைத்தவாறே உயிர்நீத்தார் என்பர் அவரது வரலாற்றை எழுதியோர். இம்மரணத்தின் உருக்கத்தில் அவரது ஆசிரியப் பணி மறைந்துபோவதுதான் வருத்தத்திற்குரியது.

கான் சாஹிப் 1872இல், இன்றைய உத்தரப் பிரதேசத்துக் கைரானாவில் பிறந்தவர். தம்பூராவின் சுருதியோடு குரல் இழையும் வரை ஒவ்வொரு ஸ்வரத்திலும் நின்று நிதானித்து ராகத்தை விரிப்பதே அவர் வளர்த்த கிரானா மரபின் உயிர். மைசூர் அரசவைத் தொடர்பால் கர்நாடக இசையையும் பயின்றார். தியாகராஜர் கீர்த்தனையை இசைத்தட்டிலும் பாடினார். கயாலில் ஸ்வரம் பாடும் வழக்கம் செழித்ததற்கு இப்பயிற்சியே காரணம் எனலாம்.

1913இல் புனேயில் ஆரிய சங்கீத வித்யாலயத்தை நிறுவினார். முஸ்லிம் உஸ்தாத் ஒருவர் தம் பள்ளிக்குச் சூட்டிய பெயரைக் கவனியுங்கள்! வித்தையைக் குடும்பத்துக்குள் பூட்டிவைத்த உஸ்தாதுகள் மிகுந்திருந்த காலம் அது. அவரோ பிறர் பிள்ளைகளுக்கும் வாரி வழங்கினார். அவருடைய மாணவர் சவாய் கந்தர்வரிடம் பயின்றவர்களே கங்குபாய் ஹங்கலும், 2008இல் பாரத ரத்னா அறிவிக்கப்பெற்ற பீம்சேன் ஜோஷியும்.

கான் சாஹிபின் அடக்கத்தலம், மீரஜ் நகரில் ஹஸ்ரத் மீரா சாஹிப் தர்கா வளாகத்தில் உள்ளது. ஆண்டுதோறும் அங்கு அவர் நினைவாக இசைவாணர் கூடிப் பாடுகின்றனர்.