பேரி மரமும் மலைக் குளிரும்

பேரிக்காய் என்றால் நம்மவர்களுக்குக் கொடைக்கானல்தான் ஞாபகம் வரும். இங்கே சிம்லா மலையில் அதற்கு நாஷ்பாதி என்று பெயர். "இந்தப் பனியில பட்டுப்போயிடாதா?" என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்கிறார்கள். போகாது. இலை உதிர்ந்து உறங்கும் மரம் மைனஸ் 20 டிகிரியைக்கூடத் தாங்கும். சொல்லப்போனால் குளிர்தான் அதற்கு ஆகாரம். பார்ட்லெட் ரகத்துக்கு 7 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ 800 மணி நேரமாவது கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மொட்டு ஒழுங்காக விழிக்காது.

ஆபத்து பூவுக்குத்தான். விரிந்த பூ மைனஸ் 2 டிகிரியிலேயே கருகத் தொடங்கும். மைனஸ் 4 ஆனால் அந்த வருஷம் காய் அநேகமாகக் கிடையாது. குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். என் மரம் மேல் அடுக்கில் நிற்கிறது. பக்கத்து வீட்டு மரம் பதினைந்தடி கீழே, சுவரோரம். பூத்த பிறகு உறைபனி விழுந்த ஒரு ராத்திரியில் அவர்கள் மரத்துப் பூ அத்தனையும் கறுத்துவிட்டது. ஆகவே மேட்டில் நடுங்கள்.

காட்டுப் பேரியான கைந்த் மேல் ஒட்டிய கன்றாகப் பாருங்கள். பெரும்பாலான ரகங்கள் தம் மகரந்தத்தால் சரியாகக் காய்க்காது, துணைக்கு இன்னொரு ரகம் வேணும். இடமில்லையென்றால் அதே மரத்தில் வேறு ரகக் குச்சியைப் பிப்ரவரியில் ஒட்டிவிடலாம்.

பழுக்கும்வரை மரத்தில் விடாதீர்கள். நடுப்பகுதி முதலில் கனிந்து மாவாகிவிடும். காயாகவே பறித்து வீட்டுக்குள் வையுங்கள். காம்போரம் அமுக்கினால் இளகுகிறதா, சாப்பிடலாம்.