கூழில் வளையும் வில்

குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் காமாக் குளோபுலின் என்னும் புரதக் கூட்டத்தைச் சார்ந்தவை என்பதைத் திசேலியசும் கபாற்றும் 1939 இல் காட்டினர். அக்கூட்டம் ஒருவகைத்தா, பலவகைத்தா? இவ்வினாவுக்குக் கண்கூடாக விடை தந்தவற்றுள் ஒன்று, கடற்பாசியிலிருந்து பெறப்படும் ஏகார்க் கூழ்.

பாரிசிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் கிராபாரும் வில்லியம்சும் 1953 இல் வெளியிட்ட முறை எளியது. கண்ணாடித் தட்டில் மெல்லிதாய் உறைந்த கூழிலே ஒரு சிறு குழி. அதிலே மனிதச் சீரம். மின்னோட்டம் செலுத்தப் புரதங்கள் தத்தம் மின்னேற்றத்துக்கேற்ப நகர்ந்து பிரிகின்றன. பின்னர் அவ்வழிக்கு இணையாக ஒரு வாய்க்கால் வெட்டி, மனிதச் சீரம் ஏற்றப்பட்ட விலங்கினது எதிர்ச்சீரத்தை அதில் நிரப்புவர். இரண்டும் கூழினூடே பரவிச் சந்திக்குமிடத்தில் வெண்ணிற வீழ்படிவு வில்லாக வளையும்.

அல்புமினின் வில் குறுகியது. காமாக் குளோபுலினின் வில்லோ தட்டில் நெடுந்தூரம் நீண்டு கிடக்கும். எதிர்ச்சீரத்துக்கு ஒரே பொருளாய்த் தோன்றுவன, மின்னேற்றத்தில் ஒன்றுக்கொன்று நுண்ணிதாய் வேறுபடுகின்றன என்பதே இதன் பொருள். மையலோமா என்னும் என்புமச்சைப் புற்றிலே ஒரே கலத்தின் வழித்தோன்றல்கள் பெருகி ஒரே புரதத்தைச் சுரக்கின்றன. அப்போது அந்நீண்ட வில் ஓரிடத்தில் தடித்துப் புடைக்கும். நோயாளியின் நிலையை மருத்துவர் அப்புடைப்பிலே வாசித்தனர். பிற்காலத்தில் மருத்துவமனைகளிலே விரைவான வேறொரு கூழ்முறை இதன் இடத்தைப் பிடித்தது. ஆயினும் மாணவர்க்குக் காட்டுதற்கு இவ்வில்லே ஏற்றது என்பது என் துணிபு.