வீட்டு மதுவும் நொதித்தலும்: சொறிக்கல்முனை அயலை முன்வைத்து ஒரு குறிப்பு

மதுவை ஒழுக்கப் பிரச்சினையாக மாத்திரம் நோக்குமிடத்து, அது அடிப்படையில் ஓர் உணவுத் தொழில்நுட்பம் என்பது மறைந்துவிடுகின்றது. அம்பாறைக் கரையோரத்துச் சொறிக்கல்முனை அயலை ஆராயுமுன், ஐரோப்பியக் குடியானவர் வீட்டிற் சிறு அளவிற் செய்துவந்த சைடரையும் பியரையும் ஒப்புநோக்குதல் பயன்தரும். சைடர் எளிது. அப்பிட் பழச்சாற்றில் வெல்லம் ஏலவே உண்டு. மதுவம் அதனை எதனோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றும். பியருக்குரிய பார்லியில் இருப்பதோ மாப்பொருள். அதனை மதுவம் நேரே நொதிக்கச் செய்யாது. எனவே தானியத்தை நனைத்து முளைக்கவிட வேண்டும். முளையில் தோன்றும் அமிலேசு என்னும் நொதியம் மாப்பொருளை மோற்றோசாக உடைத்த பின்னரே நொதித்தல் நிகழும்.

இந்த இரண்டாவது வழியைத் தமிழர் அறிந்திருந்தனர் என்பதற்குப் பெரும்பாணாற்றுப்படை சான்று. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, 'நல்லடை'யைக் கலந்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழியும் முறை அங்கு படிப்படியாகக் கூறப்படுகின்றது. நல்லடையை நெல்முளையோடு தொடர்புபடுத்திப் பொருள் கொள்வர். அது பொருந்துமாயின் இம்மது பியரேயன்றி வேறன்று. களியை ஆற்றுதல் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது; கொதிக்கும் களியில் முளையை இட்டால் நொதியம் அழிந்துவிடும். பியர் பற்றிய தமது நூலை லூயி பாஸ்டர் வெளியிட்டது 1876இல். சாடியில் விளையவிட்டவர்களோ வலைஞர் குடியினர்.

அம்பாறைக் கரையோரத்தில் நெல்லும் உண்டு, தென்னையும் உண்டு. ஆயினும் இலங்கையில் நிலைபெற்றது தென்னை, பனை, கித்துள் ஆகியவற்றின் கள்ளே. பாளைச்சாறு சைடருக்குரிய பழச்சாற்றைப் போன்றது. தென்னஞ்சாற்றில் நூற்றுக்கு 15 வரை சுக்குரோசு உண்டு. முளைக்கவிடவும் வேண்டாம், அவிக்கவும் வேண்டாம், சோற்றுக்குரிய அரிசியை இழக்கவும் வேண்டாம். முட்டியிலும் காற்றிலும் உள்ள மதுவமும் பற்றீரியாவும் மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் தடைப்பட்டு இனிப்புச் சாறாகவே நிற்கும். பூசாவிடின் ஒரு நாளளவில் நூற்றுக்கு 4 முதல் 6 வரை அற்ககோல் கொண்ட கள்ளாகும் (அப்பமாவைப் புளிக்கவைக்க இதில் ஒரு சிறங்கை போதும்). மேலும் சில வாரங்கள் விட்டுவைத்தால் அசற்றிக்கமிலம் மிகுந்து வினாகிரியாகிவிடும்.

இத்தொடர் மாற்றத்தில் எவ்விடத்திற் கோடு கீறுவது என்பது சமூகத்தின் தீர்மானம். சொறிக்கல்முனை கத்தோலிக்கத் தமிழ்க் கிராமம்; அதன் அயலில் கல்முனை, சம்மாந்துறை முதலிய முஸ்லிம் ஊர்கள். முன்னதன் திருப்பலியில் நொதித்த திராட்சை இரசம் புனிதம். பின்னவற்றிற் போதை தருவன யாவும் ஹறாம். எனினும் இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, வேறெதுவும் கலவாது தானாகவே வினாகிரியாகிய மது தூய்மையடைந்து ஆகுமானதாகின்றது. பொருளின் பெயரையன்றி அதன் மாற்றத்தையே அளவுகோலாகக் கொள்ளும் இந்நோக்கு, இரசாயனம் பயில்வோருக்கும் சுவையானது.

காலனித்துவ அரசு கீறிய கோடு வேறு வகையினது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரமின்றி மது செய்வது குற்றம். அரசின் அக்கறை குடிப்பவர் நலனிலா, வருமானத்திலா? கள்ளுத் தவறணைகள் பெருகியதை எதிர்த்தே அவ்வாண்டில் மதுவிலக்கு இயக்கம் வலுப்பெற்றது என்பதை நோக்கின் விடை எளிதிற் புலனாகும். அனுமதி பெற்ற ஆலை இயங்கலாம். வீட்டுச் சாடிக்கு இடமில்லை. பிரித்தானியாவோ, தன் குடிமக்கள் வீட்டிற் பியர் செய்வதற்கிருந்த அனுமதிப்பத்திர முறையை 1963இல் நீக்கிவிட்டது. ஐக்கிய அமெரிக்காவும் 1978இல் வீட்டுப் பியருக்கு வரிவிலக்களித்துச் சட்டமியற்றியது. இலங்கையில் 1912ஆம் ஆண்டுச் சட்டம், பல திருத்தங்களுடன், இன்றும் நடைமுறையிலுள்ளது.