கருவியின் பெயரும் முதல் அபிப்பிராயமும்

ஒரகடத்து ரெனால்ட்–நிஸான் தொழிற்சாலையிலிருந்து, உள்ளே ஒன்றேயான வாகனம் டஸ்டர் என்றும் டெரானோ என்றும் இரு நாமங்களைத் தாங்கி வெளிவந்த காலம் உண்டு. 2012-இல் வந்த முன்னதற்கும் அடுத்த ஆண்டு வந்த பின்னதற்கும் முகப்பிலும் அலங்காரத்திலும் சில பேதங்கள் இருந்தனவேயன்றி இயந்திரத்தில் இல்லை. விலை வித்தியாசமும் ஒரு காரணமே எனினும், டஸ்டருக்குக் கிட்டிய பிரசித்தி டெரானோவுக்குக் கிட்டவில்லை.

மென்பொருள் எழுதுவோர், தாங்கள் குணத்தைப் பரீட்சித்த பின்னரே எதையும் ஏற்பவர்கள் என்று நம்புகிறார்கள். ஆனால் கண்ணில் படும் கருவிகள் அனைத்தையும் நிறுவிப் பார்க்க எவருக்கும் அவகாசம் இல்லாமையால், எதைப் பரீட்சிப்பது என்பதையே பெயரும் விளக்கக் குறிப்பின் முதற் பக்கமும் நிர்ணயித்துவிடுகின்றன. பகட்டான பெயரைக் கண்டால் உள்ளே விளம்பரம்தான் இருக்கும் என்ற சந்தேகமும் இவர்களுக்கு உடனே எழுகிறது.

1996-இல் அட்வென்ட்நெட் என்று தோன்றி, நெட்வொர்க் நிர்வாகத்துக்கான மென்பொருளை விற்ற நம் ஊர் ஸ்தாபனம், 2005-இல் ஜோஹோ என்னும் பெயரில் எழுதும் செயலியை இணையத்தில் அளித்து, 2009-இல் அப்பெயரையே தனக்கும் சூட்டிக்கொண்டது. சிறு வியாபாரியையும் அச்சுறுத்தாமல் நாவில் எளிதாகப் படியும் பெயர் அது. ஆயினும், சர்வர்களைக் காவல் காக்கும் பொறியாளர்களுக்கென அதே ஸ்தாபனம் செய்யும் கருவிகள், மேனேஜ்எஞ்ஜின் என்ற வேறொரு பெயரின்கீழ், ஆப்மேனேஜர், சர்வீஸ்டெஸ்க் பிளஸ் என்று தம் தொழிலைப் பட்டவர்த்தனமாகச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. இது மிகுந்த விவேகம் என்பது என் துணிபு. நள்ளிரவில் சர்வர் நின்றுபோய்த் தவிக்கும் ஒருவருக்கு வசீகரமான பெயர் ஆறுதல் தருவதில்லை, இன்ன காரியத்துக்கு இது என்ற நிச்சயமே வேண்டியிருக்கிறது.

பெயரின் சக்திக்கு எல்லையும் உண்டு. நிரல்களைத் தானாகவே தொகுத்துச் சோதிக்கும் ஹட்சன் என்னும் கருவியின் பெயருரிமை குறித்து ஆரக்கிள் நிறுவனத்தோடு பிணக்கு முற்றியபோது, அதனைப் படைத்த கோசுகே கவகுச்சியும் அவரோடு உழைத்தவர்களில் பெரும்பாலோரும் 2011-இல் ஜென்கின்ஸ் என்ற அறிமுகமற்ற பெயரோடு வெளியேறினார்கள். பிரசித்தமான பழைய பெயர் ஆரக்கிளிடமே தங்கிற்று. எனினும், பிளக்இன்களை எழுதியவர்களும் பிழைகளைத் திருத்தியவர்களும் புதிய பெயரின் பக்கம் இருந்தமையால், அதனைப் பிரயோகித்து வந்தவர்களும் அவர்களையே பின்தொடர, ஹட்சன் சில ஆண்டுகளில் க்ஷீணித்து வழக்கொழிந்தது.