முற்றத்தில் ஒரு விலங்கியல் பாடம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

திருமங்கலத்தை அடுத்த எங்கள் கிராமத்து வீட்டில் மனிதர் ஐவர்; மற்ற உயிர்கள் இருபதுக்கு மேல். கறவைப் பசு, வெள்ளாடுகள், கோழிகள், வாத்துகள், ஒரு நாய், இரண்டு பூனைகள். விடியுமுன்னே கூச்சல் தொடங்கிவிடும். பால் செம்பை அம்மா பூனையிடமிருந்து காப்பார். அடுப்படியிலிருந்து ஆட்டை அப்பா விரட்டுவார். சென்ற ஆண்டு ஒரு கிடாய் என் ரெக்கார்டு நோட்டில் நான்கு பக்கங்களை, தவளைப் படத்தோடு தின்று தீர்த்தது!

இத்தனை உயிர்கள் ஒரே முற்றத்தில் ஒத்து வாழ்வது எங்ஙனம்? விலங்கியல் விடை தருகிறது.

முதலாவது, வரிசை. எந்தக் கோழி எதைக் கொத்தலாம் என்பதில் ஓர் ஒழுங்கு உண்டென்று நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெரப் எப்பே 1920களில் விளக்கினார். எங்கள் வீட்டில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் தீனிக்கு முந்துவது கறுப்புப் பெட்டைதான். புதுக் கோழி வந்தால் சில நாள் சண்டை. இடம் முடிவானதும் அமைதி.

இரண்டாவது, இளமைப் பழக்கம். நாய்க்குட்டி ஏறத்தாழ மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை எவற்றோடு பழகுகிறதோ, அவற்றைத் தன் கூட்டமாகவே கொள்ளும். எங்கள் நாய் பூனைக்குட்டிகளோடு ஒரே சாக்கில் உறங்கி வளர்ந்தது. ஆயினும் அடுத்த வீட்டுப் பூனையைக் கண்டால் விடாது!

மூன்றாவது, இம்பிரிண்டிங் எனப்படும் மனப்பதிவு. கோழி முட்டை 21 நாளில் பொரியும். வாத்து முட்டைக்கு 28 நாள். அம்மா வாத்து முட்டைகளைக் கோழிக்கு அடை வைப்பார். பொரித்த குஞ்சுகள் கோழியையே தாயென்று தொடரும். கண்மாயைக் கண்டதும் நீரில் இறங்கிவிடும். கோழியோ கரையில் நின்று பதறும். தாய் யாரென்பது பிறந்தபின் மனத்தில் பதிவது. நீச்சல் பிறவியிலேயே வருவது. மனப்பதிவை விரிவாக ஆராய்ந்த ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் 1973இல் வேறு இருவரோடு நோபல் பரிசு பெற்றார். அவர் வீட்டில் விலங்குகள் தாராளமாக உலவ, அவற்றிடமிருந்து காக்கக் குழந்தையைத்தான் கூண்டில் வைத்தாராம் அவர் மனைவி!

ஆடுகளிடமும் இதையொத்த பிணைப்பு உண்டு. தாயை இழந்த கிடாய்க்குட்டி ஒன்றுக்கு நான் புட்டிப்பால் ஊட்டினேன். அது என் காலடியை விட்டு அகலாது. நான் கல்லூரியில் சேரும் வேளையில் கையில் பணமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அதைத் திருமங்கலம் ஆட்டுச் சந்தைக்குக் கொண்டு சென்றோம். கயிறு தேவைப்படவில்லை, நான் முன்னே நடந்தேன், அது பின்னே வந்தது. விலை பேசி முடிந்தபின் அப்பா, “திரும்பிப் பாக்காம வா” என்றார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப்போவது நானே. அன்று ஏனென்று அறியாமல் அழுதேன். இன்று அதன் காரணத்துக்குப் பாடநூலில் ஒரு பெயர் இருப்பதை அறிவேன். பெயர் தெரிந்ததால் துயரம் குறையவில்லை. நம்மை நம்பிப் பின்தொடரும் உயிருக்கு நாம் பட்ட கடன் பெரிது என்பது மட்டும் விளங்கிற்று. நான் பெறப்போகும் பட்டத்தில் அந்தக் குட்டிக்கும் பங்குண்டு.